மகள் எடுக்காத போன்

கம்ப்யூட்டரோடு கருவிகளை இணைக்கும் டிரைவர் என்ற புரோகிராமை எழுதுவது மகளின் வேலை. அவள் எழுதிய டிரைவரால் மெஷின் உறைந்துபோகிறதாம். இன்று சரியாகாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று காலையில் சாப்பிடாமல் ஓடினாள்.

சாப்பிட்டாளா என்று கேட்க, பழவங்காடியில் உள்ள என் கடையிலிருந்து போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்கும்வரை அடிப்பதுதான் நான் படித்த படிப்பு.

மாலையில் அவளே கூப்பிட்டாள்.

"சரியாயிட்டுப்பா. கருவி, என்னைக் கவனின்னு இன்டரப்ட் அனுப்பும். கிட்டிச்சுன்னு டிரைவர் பதில் சொல்லணும். இல்லேன்னா அனுப்பிட்டே இருக்கும், மெஷினுக்கு வேற ஜோலி ஓடாது. அந்தப் பதிலை எழுத மறந்துட்டேன்."

"எப்பிடி மக்ளே கண்டுபிடிச்ச?"

"நீங்க நிறுத்தாம அடிச்சதைப் பாத்துதான். சாப்பிட்டேன்னு ஒரு மெசேஜ் போட்டிருந்தா அடங்கியிருப்பியள்லா?"

அப்பாடா என்றிருந்தது. தொந்தரவு செய்தே பிள்ளைக்கு உதவிய வேறு அப்பாக்கள் இருந்தால் கை தூக்குங்கள்.