சாமி எடுத்துக் கொடுத்த சட்டிக் கலப்பை

ஆமத்தூரைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கண்டக்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனார். போன வருஷம் புரட்டாசிக் கடைசி அது. இரண்டு நாளைக்கு முன் பெய்த மழையில் கரிசல் ஊறி, மேல்மண் மட்டும் உலர்ந்து, விதைப்புக்குச் சரியான பதத்தில் கிடந்தது. ரோட்டோரப் புஞ்சையில் ஒரு சின்ன டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஐந்து கொழு பதித்த ஓர் இரும்புச் சட்டம். ஒரே இழுப்பில் ஐந்து சால் விழுந்தது. சாலுக்கு ஒருத்தியாகப் பெண்கள் பருத்தி விதையைப் போட்டபடி பின்னால் நடந்தார்கள். கண்டக்டர் தண்ணீரோடு திரும்புவதற்குள், எங்கள் வீட்டில் ஒரு ஜோடி மாடு பகல் முழுக்க உழுகிற அளவு முடிந்துவிட்டது.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் டிராக்டரைப் பார்த்தார்கள். நான் பின்னால் மாட்டியிருந்த அந்தச் சட்டத்தைப் பார்த்தேன். அம்மாவின் எட்டு ஏக்கரைக் காப்பாற்ற இது போதும் என்று அந்த ஜன்னலோரத்தில்தான் தோன்றியது.

அந்த எட்டு ஏக்கர் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த நிலம். பெயர்தான் அம்மாவுடையது, உழவில் அதற்குக் கடைசி இடம். கரிசலில் மழை விட்டபின் விதைக்கக் கிடைப்பது நாலைந்து நாள்தான். அந்த நாட்களில் மாடுகள் முதலில் அப்பாவின் நிலத்துக்குப் போகும், அடுத்துச் சித்தப்பாவின் நிலத்துக்கு. அம்மாவின் நிலத்துக்கு வரும்போது மண் வெடித்திருக்கும். இப்படியே இரண்டு வருஷம் தரிசு. தரிசைக் கண்டதும் சிவகாசியிலிருந்து ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர் தரகரை அனுப்பினார். ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, வெடிமருந்து ஷெட் போட வசதி என்று கேட்டார்களாம். அப்பா தலையாட்டிவிட்டார். அம்மா மட்டும் ஒன்று சொன்னாள்: "அடுத்த வருசப் புரட்டாசியில வெதைச்சுக் காட்டுங்க. வெதைக்க முடியலேன்னா நானே கையெழுத்துப் போடுறேன்."

இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் முழுவதையும் எனக்கு விட்டுவைத்திருந்தாள் போல.

தையிலிருந்து வீட்டில் நான் பேசியதெல்லாம் டிராக்டர்தான். பி.யூ.சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற பெண் இதையெல்லாம் பேசினால் முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்கள் யோசனை என்பார்கள். அப்படியே நடந்தது. சித்திரையில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு சின்ன டிராக்டருக்குப் பதிந்துவைத்தார்கள். மதுரைக் கடைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். சரக்குத் தட்டுப்பாடு, வண்டியோடு பின்னால் மாட்டும் சாமான் ஒன்றுதான் இப்போது கிடைக்கும், மற்றது அடுத்த வருஷம். எது வேண்டும் என்று எழுதுங்கள் என்று இங்கிலீஷில் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார்.

"ஏ தாயி, இங்கன வா. இம்புட்டுப் படிச்சிருக்கயே, இதப் படிச்சுச் சொல்லு" என்றார் சித்தப்பா.

படித்தேன். ஒரு பக்கம் விடாமல் படித்தேன். உற்சாகத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டிக் கலப்பை என்று ஒன்று. சாப்பாட்டுத் தட்டைப் போல் பத்து மடங்கு பெரிய இரண்டு இரும்புச் சட்டிகள் சாய்வாக உருண்டு மண்ணைப் புரட்டும். பக்கத்திலேயே, பெரிய இன்ஜினுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தது. அதை முணுமுணுத்துவிட்டு, 'எப்பேர்ப்பட்ட நிலத்தையும் பிளக்கும்' என்ற வரியை மட்டும் மேடையில் பேசுவது போல் முழக்கினேன். சித்தப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று.

"ஆனைக்குட்டத்துல ஒரு பெரிய பண்ணையில இதான் வச்சிருக்காக. இதான் நமக்கு."

"அது பெரிய வண்டி, சித்தப்பா. நம்ம வண்டி இழுக்காது. அஞ்சு கொழு மாட்டுன சட்டம், அஞ்சு கலப்பைன்னு போட்டிருக்கே, அதான் ஒத்துவரும்."

"இழுக்கலேன்னா நீ பின்னால நின்னு தள்ளு!"

அப்பாவுக்கோ டிரைலர்மேல் கண். தீபாவளி சீசனில் திருத்தங்கலிலிருந்து பேப்பர் லோடு அடிக்கலாம் என்றார். இரண்டு பேரும் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டால் முடிவு ஒன்றுதான். குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் பொட்டலம் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பது. கல்யாணத்துக்குப் பார்ப்பார்கள், கிணறு வெட்டப் பார்ப்பார்கள். இரும்புச் சாமானுக்குப் பார்த்தது நாங்களாகத்தான் இருக்கும்.

சிவப்பு, சட்டிக் கலப்பை. வெள்ளை, டிரைலர். பூசாரி முடிச்சுப் போடும்போது நான் முன்னால் போய் நின்றேன். "மூணாவதா ஒரு மஞ்சப் பூவும் கட்டுங்க. அஞ்சு கலப்பைக்கு."

பூசாரி அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "ரெண்டுதான் தாயி வழக்கம். சாமி இதா அதான்னு சொல்லும். கடையில நின்னு சாமான் பொறுக்கிக்கிட்டா இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. சித்தப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

சாமிமேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. இரண்டு தப்பான சாமானைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? கேட்டவர்கள்மேல்தான் கோபம். இங்கிலீஷ் வாசிக்க நான் வேண்டும். குதிரைத்திறனைத் தமிழில் விளக்க நான் வேண்டும். கடைக்காரருக்குக் கடிதம் எழுத நான் வேண்டும். ஒரு பூ வைக்க மட்டும் நான் ஆகாது.

ஆடியில் வண்டி வந்தது. சோதனைக்கு அம்மாவின் நிலத்தையே எடுத்தார்கள். கெட்டுப்போனாலும் கேள்வி இல்லாத நிலம் அதுதானே. மண் காய்ந்து கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வண்டிக்கென்று அமர்த்திய டிரைவர் நெம்புகோலை அழுத்திச் சட்டிகளை இறக்கினார். நாலு அடி போவதற்குள் வண்டியின் முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு மேலே எழுந்தது. டிரைவர் அலறிக்கொண்டு குதித்துவிட்டார்.

"முன்னால பாரம் பத்தல" என்றார் சித்தப்பா. வீட்டுக்கு ஆள் ஓடியது. எதைக் கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அம்மாவின் ஆட்டுரலை. அதை முன்னால் கயிற்றால் கட்டி, இரண்டு ஆட்களை அதன்மேல் உட்காரவைத்து, மறுபடி ஓட்டினார்கள். பின்னாலேயே வந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "இட்லிக்கு மாவு ஆட்டணுமே, அரிசிய இங்கனயே கொண்டாந்து போட்டுறவா?"

மண் புரண்டது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு கட்டியும் அம்மிக்கல் அளவில் புரண்டது. அரை ஏக்கர் அப்படி ஆனதும் இன்ஜின் புகைந்து நின்றது. அந்தக் கட்டிகளுக்கு நடுவே விதையை எங்கே போடுவது?

கடையிலிருந்து ஆள் வரவழைத்தோம். வந்தவர் ஆட்டுரலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இன்ஜினைச் சரிசெய்துவிட்டு மரியாதையாகவே சொன்னார்: "ஐயா, இந்த வண்டிக்கு அஞ்சு கலப்பைதான் சரி. நேத்து ஒண்ணு வந்து எறங்கியிருக்கு. சட்டியக் குடுத்துட்டு அத எடுத்துக்கிடுங்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுறேன்."

அந்த நிமிஷம் எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாமி எடுத்துக் குடுத்தத கடையில கொண்டுபோயித் திருப்பிக் குடுக்கச் சொல்லுதீகளா?"

"அப்ப மறுபடி பூக்கட்டுங்க" என்று கத்தினேன். "இந்தத் தடவையாவது ஒழுங்காக் கேளுங்க!"

"ஒரு தடவ சொன்ன சாமிய மறுபடியும் கேட்டா, அவர நம்பலேன்னுல்ல அர்த்தம்?"

"சாமியவா நம்பல? உங்களத்தான் நம்பல!"

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "பொட்டப்புள்ள சத்தம் ரோடு வரைக்கும் கேக்கு. வீட்டுக்குப் போ." அவ்வளவுதான். கடைக்காரரின் ஆள் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த ஐந்து கலப்பை மறுவாரமே ராஜபாளையம் பக்கம் யாருக்கோ போய்விட்டதாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

மழைக்கு முன்பே தரகர் பத்திரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். "புரட்டாசி இன்னும் வரல. வெதைக்காமப் போனா வாங்க" என்றாள். எனக்கு அம்மாமேலும் ஆத்திரம் வந்தது. உன் நிலம், உன் கை, 'மாட்டேன்' என்று ஒரு சொல் சொல்லித் தொலைத்தால் என்ன? கேட்டேவிட்டேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மாட்டேன்னு சொன்னா மட்டும் நெலம் வெளைஞ்சிருமா? வெதைக்க வழி இருந்தாச் சொல்லு."

வழி அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. ஐந்து கலப்பையின் படத்தோடு அளவுகளும் போட்டிருந்தார்கள். டிராக்டர் பின்னால் மாட்டும் மூன்று துவாரங்கள், சட்டத்தின் நீளம், கொழுவின் வளைவு எல்லாவற்றையும் பெரிதாக்கி வரைந்தேன். சித்தப்பா இல்லாத நேரத்தில் தையல் டேப்பால் வண்டியை அளந்து சரிபார்த்தேன். ஆவணி பிறந்ததும் பஸ் ஏறித் திருத்தங்கலுக்குப் போனேன். அங்கே அச்சு மெஷின்களைப் பழுது பார்க்கிற ஒரு பட்டறை இருக்கிறது.

பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

"வீட்டுல இருந்து ஆம்பளைக யாரும் வரலையா?"

"அவுக பூக்கட்டிக்கிட்டு இருக்காக."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் படத்தை வாங்கிக்கொண்டார். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கொழு அடிக்கலாம், சுலபத்தில் வளையாது என்றார். ஆனால் கையில் இருக்கும் பட்டை மூன்று கொழுவுக்குத்தான் வரும். கல்லில் மாட்டினால் சட்டமே முறிந்துவிடும் என்று சொல்லி, ஒவ்வொரு கொழுவுக்கும் ஓர் ஆணியை இரும்புக்குப் பதில் மரத்தில் வைத்தார். பாரம் மீறினால் மர ஆணிதான் முறியும். வேறு ஒன்றை அடித்துக்கொள்ளலாம். எனக்குத் தோன்றாத யோசனை அது.

சட்டம் நேற்று முடிந்தது. திங்கட்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் கோர்ட்டு வேலையாக விருதுநகர் போகிறார்கள். டிரைவரிடம் பேசிவிட்டேன், "முன்சக்கரம் தரையில நிக்கும்னா நான் ஓட்டுறேன்மா" என்றார். அம்மாவின் நிலத்தில், சட்டி படாத வடக்கு மூலையில், மூன்று கொழுவை மட்டும் மாட்டி ஓட்டப்போகிறோம். நாலு விரல் ஆழம் போகிறதா, எத்தனை ஆணி முறிகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றும் தாங்கினால் அடுத்த வாரமே இன்னும் இரண்டுக்குப் பட்டை தேடுவேன். தாங்காவிட்டால் வளைவை மாற்றி மறுபடி அடிக்கச் சொல்வேன். மழைக்கு இன்னும் பதினைந்து நாளாவது இருக்கும்.