பானைக்குள் ஏழு விரல் தடம்

விறகடுப்பில் காய்ச்சிய தண்ணீருக்கு ஒரு புகை வாசம் உண்டு. எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடை முழுக்க அதைத்தான் குடித்தோம். மூன்று வயதுத் தங்கை செல்விக்குச் சீதபேதி. எங்கள் தெருவில் "கழிச்சல்" என்பார்கள். தேறிய எட்டாம் நாள் மறுபடியும் வந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீரைத்தான் காய்ச்சுகிறோமே, பிறகு எப்படி என்று குழம்பிய அம்மா, பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை தந்த முறுக்கின் மேல் பழியைப் போட்டாள். பகலில் செல்வியைப் பார்த்துக்கொண்டதே அத்தைதான். அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பீங்கான் கம்பெனியில் அச்சுக்குள் வெள்ளைக் களிமண் கரைசல் ஊற்றும் வேலையிலிருந்த அம்மா மத்தியானம் வெயிலில் ஓடிவந்து, பிள்ளையைக் கழுவி, துணியை அலசி, தண்ணீர் புகட்டிவிட்டுத் திரும்ப ஓடுவாள். செல்வி எத்தனை தடவை வெளிக்குப் போனாள் என்று எண்ணிச் சொல்வது என் வேலை.

ஒருநாள், காய்ச்சிய தண்ணீரை ஊற்றிவைக்கும் மண்பானையில் தண்ணீர் குறைந்திருக்க, டம்ளரை உள்ளே விட்டு மொள்ளக் குனிந்த அம்மா அப்படியே நின்றாள். உள்பக்கம், ஈரம் காய்ந்த சிவப்பில், வெள்ளை வெள்ளையாக விரல் தடங்கள்.

"எத்தினி இருக்குதுன்னு எண்ணு" என்றாள்.

ஏழு. என் விரலை வைத்துப் பார்த்தாள், சிறியது. தன் விரலை வைத்தாள், பொருந்தியது. வெறும் தண்ணீரில் கழுவிய கையின் நகக்கண்ணில் கம்பெனிக் களிமண் வீடுவரை வந்திருக்கிறதென்றால், பிள்ளையின் துணியை அலசிய பிறகு அதே கையில் வேறு என்னதான் தங்கியிருக்காது?

பிற்பாடு படித்தபோது அந்தக் கிருமிகளையும் வியக்கத்தான் வேண்டியிருந்தது. காலில்லை, இறக்கையில்லை, குடலைவிட்டு வெளியே வந்தும் ஈரத்துணியிலும் விரலிடுக்கிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாய்க்காகக் காத்திருக்கின்றன, பத்தோ நூறோ போய்ச் சேர்ந்தாலே போதுமாம். அவை வெள்ளைத் தடம் விடுவதில்லை என்பதுதான் என்னை இன்றும் பதறவைக்கிறது.

அவற்றைவிட நான் வியப்பது அம்மாவை. பானையைக் கவிழ்த்துவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, நேரே அத்தை வீட்டு வாசலுக்குப் போனாள். எதிரே குழாயடியில் எட்டுப் பேர்.

"அஞ்சல, ஒம் முறுக்கால இல்ல. எங் கையாலதான் வந்துது. தெரியாம ஒம் மேல பழி போட்டுட்டேன்."

"சோப்பு இருக்குதாக்கா, இல்ல அதுவும் நான்தான் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அத்தை எங்கள் வீட்டுக்குள் போய்ச் செல்வியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பானைக்கு நீளக் காம்புக் கரண்டி வந்தது. மூன்றாம் தடவை நோய் வரவில்லை.

செல்விக்கு இப்போது அறுபத்தொன்று. அவள் வீட்டில் கேன் தண்ணீர். குழாயைத் திருகினால் வருகிறது, உள்ளே யார் கையும் போவதில்லை. பானை போனதில் எனக்கு வருத்தமில்லை. அம்மாவும் போய்விட்டாள். தவறு தன் கையில்தான் என்று கண்ட அந்த நிமிடமே எட்டுப் பேர் காதில் விழச் சொன்ன இன்னொருவர், இந்த அறுபத்தேழு வயதுவரை எனக்கு எண்ணக் கிடைக்கவில்லை.