காத்தவராயனிடம் மிஞ்சிய சொல்

கடலூர் முதுநகரை ஒட்டிய சோனாங்குப்பத்தில் காத்தவராயன் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கப்பல்காரர் என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். மீனவக் குடும்பம்தான். ஆனால் அவர் வலை இழுத்தது இளவயதில் சில காலம் மட்டுமே. மும்பையில் ஓர் ஏஜெண்டைப் பிடித்துச் சரக்குக் கப்பலில் சமையற்கட்டு எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு சமையல்காரரானார். ஐரோப்பாவின் துறைமுகங்களுக்கு இடையே மரமும் உரமும் ஏற்றிப்போகும் சின்னக் கப்பல்களில் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஊருக்கு வருவார், இரண்டொரு மாதம் இருப்பார், போய்விடுவார். மனைவி தனம் அவரோடு வாழ்ந்ததைவிட அவருக்காகக் காத்திருந்ததுதான் அதிகம். மகள் சத்யப்பிரியா பிறந்தபோதும் அவர் இல்லை, வயதுக்கு வந்தபோதும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு மட்டும் முந்தின நாள் வந்து இறங்கினார்.

ஐம்பத்தைந்து வயதானதும் போதும் என்று முடித்துக்கொண்டு வந்துவிட்டார். “இனிமே எங்கியும் போவல. உன்கூடத்தான்” என்றார். தனம் அதை நம்புவதற்கே சில வாரங்கள் பிடித்தன. காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் ஓர் ஆள் படுத்திருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. அவர் சமைப்பார், இவள் உட்கார்ந்து சாப்பிடுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தை மாதத்தில் ஒரு காலை, வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கத்தி நழுவியது. குனிந்து எடுக்கப் போனார். அப்படியே சரிந்தார். சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போனது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டார்கள். கொஞ்ச நாள் ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் தனம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

“த்ரிஸ்த்” என்றார்.

தனம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “என்னாங்க? என்னா சொன்னீங்க?”

“த்ரிஸ்த். த்ரிஸ்த்.”

பேச்சு வந்துவிட்டது என்று அவள் தெருவுக்கே ஓடிப்போய்ச் சொன்னாள். ஆனால் வந்தது அந்த ஒன்றுதான். தண்ணீர் கேட்பதற்கும் அதுதான், ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதற்கும் அதுதான். சில சமயம் காரணமே இல்லாமல் அதைச் சொல்லிக்கொண்டு கண்ணீர் விடுவார். எதிர்வீட்டுக்காரர், கப்பல்காரர் வேதத்தில் சேர்ந்துவிட்டார், கிறிஸ்து கிறிஸ்து என்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு ஒரு பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். காத்தவராயன் அவர் முகத்தையும் பார்த்து அதையே சொன்னார்.

காத்தவராயனின் அக்கா மாரியம்மாள் இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவள்தான் முதலில் வாய் திறந்தது.

“தனம், நான் சொல்றன்னு கோச்சிக்காத. அது சாமி பேரு இல்ல. பொம்பள பேரு.”

“என்னா அண்ணி சொல்றீங்க?”

“வெளிநாட்டுக்காரிங்க பேரு அப்பிடித்தான் இருக்கும். எத்தினி வருசம் அங்க இருந்தான்? ஆம்பளதானே. எல்லாம் மறந்துபோன மூளையில அவ பேரு மட்டும் நிக்கிதுன்னா பாத்துக்க.”

தனம் அன்று அதைக் காதில் வாங்காததுபோல் எழுந்து போய்விட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. சில மாதங்களில் அவர் ஃபோனே பண்ணாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. பண்ணினாலும் பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. ஊருக்கு வந்திருக்கும்போது கடலைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருப்பாரே, அது யாரை நினைத்து? தன் பேர் மூன்றே எழுத்து. அதைச் சொல்ல வராத நாக்குக்கு இந்தப் பேர் மட்டும் எப்படி வருகிறது?

ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். “யோவ், யார்யா அவ?”

அவர் அவளையே பார்த்தார். “த்ரிஸ்த்” என்றார். கண்ணில் நீர் வழிந்தது.

“அவளுக்காவ அழுவுறியா? என் முன்னாடியே?”

அதற்குப் பிறகு தனம் கணவனைக் கவனித்துக்கொண்டாள் என்றுதான் ஊர் நினைத்தது. சோறு ஊட்டினாள், துணி மாற்றினாள். ஆனால் பேச்சை விட்டாள், முகத்தைப் பார்ப்பதை விட்டாள். வேளாவேளைக்குப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். ஆரம்பத்தில் தவறாமல் செய்தவள் பிறகு ஒருவேளையை விட்டாள், இன்னொரு வேளையை விட்டாள். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டால், காது கேட்காததுபோலப் பின்கட்டில் போய் நின்றுகொண்டாள்.

சித்திரை வெயிலில் மகள் சத்யப்பிரியா வந்தாள். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பாவைத் துடைக்கலாம் என்று ஒருக்களித்துப் படுக்கவைத்தவள், இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் கறுத்திருந்தது.

“அம்மா! இதப் பாக்கவே இல்லியா நீ?”

தனம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் சிதம்பரம் ஆஸ்பத்திரி. புண்ணைச் சுத்தம் செய்தார்கள். பேச்சுப் பயிற்சி தரும் ஸ்ரீமதி என்ற பெண் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்தவராயனிடம் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். பசு, வீடு, விளக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

“சிலருக்கு இப்படி ஆகும்மா” என்றாள் ஸ்ரீமதி. “பேச்சு எல்லாம் அழிஞ்சிட்டு ஒரே ஒரு வார்த்த மட்டும் நின்னுடும். எதச் சொல்ல நெனச்சாலும் வாயில அதான் வரும். இது என்னா வார்த்தைனு எனக்குத் தெரியல. கப்பல்ல இவருகூட இருந்தவுங்க யாராச்சும் இருக்காங்களா?”

ஒருவர் இருந்தார். பரங்கிப்பேட்டை கலீபுல்லா, இஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை பார்த்தவர். நான்கைந்து கப்பல்களில் இருவரும் ஒன்றாகப் போயிருந்தார்கள். சத்யப்பிரியா ஃபோனில் பேசிக்கொள்ளலாம் என்றாள். தனம் கேட்கவில்லை. அந்தப் பெண் யார், எந்த ஊர், பிள்ளை உண்டா என்று நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள்.

கலீபுல்லா வீட்டில் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். அவள் டீயைத் தொடவில்லை.

“பாய், என்கிட்ட மறைக்காதீங்க. அவ யாரு?”

“எவ, தங்கச்சி?”

“அவரு வாயில நிக்கிறவ. த்ரிஸ்த்து.” கெட்ட வார்த்தை சொல்வதுபோல் அதைச் சொன்னாள்.

கலீபுல்லா தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அது பொம்பள இல்ல தங்கச்சி.”

“பின்ன?”

“துக்கம். மனசு வெறிச்சோடிக் கெடக்கு பாரு, அதுக்குச் சொல்றது.”

தனத்துக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார்.

“எங்க கப்பல்ல கேப்டன் டென்மார்க்காரரு. இன்ஜினியர் ருமேனியா. டெக்குல போர்ச்சுகல்காரன், கரண்டு வேல பாக்குறவன் இத்தாலிக்காரன். ஒருத்தன் பாஷ ஒருத்தனுக்கு ஆவாது. வேலைக்கு மட்டும் இங்கிலீசு. அதப் புடி, இத முடுக்கு, அவ்ளோதான். மனசுல இருக்கறதச் சொல்ற அளவுக்கு எவனுக்கும் இங்கிலீசு கெடையாது. ஆனா இந்த ஒரு வார்த்த எல்லாருகிட்டயும் இருந்திச்சி. வாலு மட்டும் கொஞ்சம் மாறும். போர்ச்சுகல்காரன் வீட்டுக்குப் பேசிட்டு வந்து இதச் சொல்லுவான். ருமேனியாக்காரன் நிமுந்து பாத்து அதையே திருப்பிச் சொல்லுவான். கேப்டன்கூட ஒருநாளு மழையப் பாத்துக்கிட்டு அதையே சொன்னாரு.”

“எல்லாருக்கும் எப்பிடி ஒண்ணாருக்கும்?”

“எனக்கும் அதான் ஆச்சரியம். இத்தாலிக்காரனக் கேட்டேன். பழைய ரோமாபுரிக்காரங்க பேசுன லத்தீன்ல ‘த்ரிஸ்திஸ்’னு இருந்திச்சாம். அவுங்க சிப்பாயும் யாவாரியும் போயி குந்துன எடத்துல எல்லாம் அந்தப் பேச்சே ஊர்ப் பேச்சா ஆயிடுச்சி. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சு, ருமேனியா. ராஜ்ஜியம் போயிடுச்சி, வார்த்த போவல. டென்மார்க், ஜெர்மனி, டச்சுக்காரனுங்க எல்லாம் வேற வகையறா. ஆனா பிரெஞ்சு பேசுறது ஒசத்தின்னு இருந்த காலத்துல அவுங்களும் அத எடுத்துக்கிட்டாங்களாம். சுவீடனுக்குப் போயி ரொம்ப நீர்த்துப்போச்சி. பொழுது போவலன்னாலும் அங்க இதான் சொல்லுவானாம்.”

வெளியே தெருவில் ஒரு பைக் போயிற்று. கலீபுல்லா அது போகும்வரை காத்திருந்தார்.

“இந்த ஊருக்குந்தான் அவனுங்க எல்லாம் வந்தானுங்க. போர்ச்சுகீசியன், டச்சு, டென்மார்க்கு. சாவின்னும் சன்னலுன்னும் அலமாரின்னும் நாம சொல்றதெல்லாம் போர்ச்சுகீசியன் வார்த்ததான். இத மட்டும் நாம வாங்கிக்கல. நம்மகிட்ட ஏற்கெனவே ஜாஸ்தியா இருந்திச்சோ என்னமோ. காத்தவராயன்தான் வாங்கிக்கிட்டாரு.”

“அவரு எப்போ சொல்லுவாரு பாய்?”

“ஒங்ககிட்ட ஃபோன்ல பேசிட்டு வந்து சமையக்கட்டுல ஒக்காந்துருப்பாரு. ருமேனியாக்காரன் எட்டிப் பாத்து, ‘த்ரிஸ்த்தா?’ன்னு கேப்பான். இவரும் தலைய ஆட்டி அதையே சொல்லுவாரு. என்கிட்ட தமிழ்ல ஒருநாளும் சொன்னதில்ல. ஏன் மாப்ள, நான் ஒருத்தன் இருக்கேனேன்னு கேட்டேன். தமிழ்ல சொன்னா அழுதுடுவேன் பாய்ன்னாரு.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க இங்கேருந்து என்னா பண்ணியிருப்பீங்க, தங்கச்சி?”

டீ ஆறிப்போயிருந்தது. அவர்கள் மனம் நோகக்கூடாது என்று ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தாள்.

சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அவளைத் திட்டியிருக்கலாம், அவரை மன்னித்துமிருக்கலாம். இப்போது திட்டுவதற்கு யாருமில்லை. கூடத்துக் கட்டிலில் கிடந்து அந்த மனிதர் கூப்பிட்டதும், தான் பின்கட்டில் போய் நின்றதும் மட்டுமே இருந்தன.

வார்டில் அவர் விழித்திருந்தார். மகளை வெளியே அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கலீபுல்லா பாயப் பாத்துட்டு வர்றேன். எல்லாம் சொன்னாரு. உங்களுக்குத் துக்கமா இருக்கா?”

“த்ரிஸ்த்.”

“எம்மேல கோவமா?”

“த்ரிஸ்த்.”

அவளுக்குத் திடீரென்று பயம் வந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “நான் வந்தது சந்தோசமா இருக்கா?”

அவர் அவள் கையை இறுக்கினார். “த்ரிஸ்த்” என்றார்.

ஸ்ரீமதி சொன்னது அப்போதுதான் தனத்துக்கு முழுதாக விளங்கியது. அவர் துக்கத்தைச் சொல்கிறாரா, பசியைச் சொல்கிறாரா, மன்னித்தேன் என்கிறாரா, தொலைந்து போ என்கிறாரா, இனி யாராலும் சொல்ல முடியாது. இத்தனை நாட்டு ஜனங்களுக்கு அர்த்தமான சொல் அவர் வாயில் ஒன்றையும் காட்டிக்கொடுக்காததாக ஆகிவிட்டிருந்தது.

அதன்பின் அவள் ஒருவேளைகூடத் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தாள். புண்ணைக் கழுவினாள், விசிறினாள், விடாமல் பேசினாள். திரும்பச் சொல்லச் சொல்லித் தன் பேரை அவர் காதருகே சொல்லிக் கொடுத்தாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு முயல்வார். முகம் சிவக்கும். வருவது பழையதாகவே இருக்கும். ஆனால் புண் எலும்புவரை போயிருந்தது. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். காய்ச்சல் ஏறி ஏறி இறங்கியது. கடைசி வாரத்தில் அவர் எதையும் சொல்லவில்லை. தனம் குனிந்து குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

சோனாங்குப்பத்துக்குக் கொண்டுவந்து எடுத்தார்கள். கலீபுல்லா வந்து தெருவிலேயே சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். மாரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பியின் மேல் தான் சுமத்திய பழி அவள் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. தனமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“படுத்தாரு, போயிட்டாரு. நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட” என்று வந்தவர்கள் எல்லோரும் தனத்திடம் சொன்னார்கள். சத்யப்பிரியா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவைக் குற்றம் சொல்லவும் இல்லை. காரியம் முடிந்ததும், சிதம்பரத்துக்கு வந்து என்னோடு இரு என்று கூப்பிட்டாள். கூப்பிட்டபோது அவள் பார்வை அம்மாவின் முகத்தில் இல்லை. தனம், வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இப்போது துறைமுகத்தில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகிறாள். ஐஸ் தண்ணீரில் நாளெல்லாம் கை மரத்துப்போகும். கூட இருக்கும் பெண்கள் புருஷன்மார்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். இவள் தலை குனிந்தபடி உரித்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பாள். மகள் வாரம் தவறாமல் ஃபோன் செய்கிறாள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். தனம், ஏதோ இருக்கிறது என்கிறாள். பிறகு இருவருக்கும் பேச எதுவும் இல்லாமல் போகிறது.