இரண்டாவது வளைவில் கேட்ட குரல்

விராலிமலையில் இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இந்தப் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் நாகராசுவிடம், அதாவது என்னிடம், திட்டு வாங்கியவர்கள். அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கத்தாமல் வண்டி கற்றுக்கொடுக்க முடியாது என்பது என் கட்சி. என் சொந்த மகள் ஹரிணி மட்டும் மூன்று நாள் என்னிடம் ஸ்கூட்டர் பழகிவிட்டு, நாலாம் நாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். பிறகு திருச்சிக்கு வேலைக்குப் போனவள், அங்கே யாரோ ஓர் அம்மாவிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸோடு வந்து நின்றாள். கடைத்தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை.

நான் சொல்ல வந்தது செவந்தியைப் பற்றி.

செவந்தி கிராம சுகாதார நர்ஸ். வயது நாற்பத்து நாலு. கணவர் கண்ணன் சவுதிக்குப் போகும்வரை அவரே பைக்கில் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டும் வருவார். அவர் விமானம் ஏறிய இரண்டாம் மாதம், ஆவூர்ப் பக்கத்தில் ஐந்து சின்ன ஊர்களைச் செவந்தியின் பொறுப்பில் விட்டார்கள். அங்கே காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மெயின்ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடப்பார். ஒருநாள் காலை பஸ் வரவில்லை. இவர் போய்ச் சேர்வதற்குள் பதினோரு தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அதில் நாலு பேர் ஊசி என்றாலே கதவைச் சாத்துகிறவர்கள். ஒரு வருடம் பேசிப் பேசி வரவழைத்தவர்கள்.

மேலதிகாரி நல்ல மனுஷிதான். ஆனாலும், "இந்த மாசக் கடைசிக்குள்ள வண்டி ஓட்டிருங்க செவந்தி, இல்லைன்னா அந்த ஊர்களை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் வந்தால் அந்த நாலு கதவும் மறுபடி சாத்திக்கொள்ளும் என்பதுதான் செவந்தியின் கவலை.

ரோட்டில் அந்தம்மா நன்றாகவே ஓட்டினார். டெஸ்ட்டில் தரைக்கோட்டை ஒட்டி எட்டு போடுவதில்தான் வம்பு. மூன்று டெஸ்ட், மூன்றிலும் இரண்டாவது வளைவில் இடது காலை ஊன்றினார். கால் ஊன்றினால் பெயில். டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் பாவப்பட்டு என்ன செய்ய முடியும்? நான் என் பங்குக்கு இன்னும் சத்தமாகக் கத்தினேன். நாலாவது டெஸ்ட்டுக்கு எட்டு நாள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புதுக்கோட்டையில் நர்ஸ்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. பயந்த தாய்மார்களிடம் எப்படிப் பேசுவது என்று அன்புமொழி என்கிற அம்மா சொல்லிக்கொடுத்தாராம். என்.எல்.பி., தமிழில் நரம்பு மொழி நிரலாக்கம் என்று செவந்தி நோட்டைப் பார்த்து வாசித்தார். பெயரைக் கேட்டதுமே எனக்கு எரிச்சல்.

"அறிவியல்ல இதுக்கு ஆதாரம் பத்தாதுன்னு நிறையப் பேர் சொல்றாகளாம். அந்தம்மாவே சொல்லிட்டாக. ஆனா ஒண்ணு சொன்னாகண்ணே. நாம எதைச் செஞ்சாலும் மனசு அதை ஒரு வரிசையில செய்யுதாம். மொத ஒண்ணைப் பாக்கும், இல்லை கேக்கும், அப்பறம் ஒடம்பு செய்யும். வரிசை தெரிஞ்சா, நடுவுல ஒண்ணை மாத்திப் பாக்கலாமாம். நல்லாச் செய்யிற ஆளோட வரிசையைக் கேட்டுப் பழகலாமாம்."

"சரி, அதுக்கு என்ன இப்ப?"

"நீங்க எட்டு போடையில ஒங்க மனசுல மொத என்ன நடக்குது?"

"என்ன நடக்கும்? எட்டுதான் நடக்கும்."

செவந்தி விடுகிற ஆள் இல்லை. ஊசி போட வீடு வீடாக ஏறிப் பழகிய பிடிவாதத்தோடு என்னையும் பிடித்துக்கொண்டார். டெஸ்ட் நடக்கிற கிரவுண்டிலேயே என்னை எட்டு போடச் சொன்னார். நடுவில் நிறுத்தி, "இப்பக் கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார். மறுபடி போடச் சொன்னார். "உள்ள யாராச்சும் பேசினாகளா?" என்றார். ஐந்தாவது தடவைதான் எனக்கே பிடிபட்டது. என் கண் கோட்டைப் பார்க்கவே இல்லை. வளைவு முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு போகிறேன், வண்டி பின்னாலேயே வருகிறது. உள்ளே ஒரு சத்தமும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களிடம் "கோட்டைப் பாருங்க, கோட்டைப் பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தவன் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதை மறைக்க, "ஒங்களுக்கு என்ன நடக்குதாம்?" என்று எகிறினேன்.

"எனக்கு மொத ஒரு குரல் கேக்குது. ஒடனே நான் சேலையோட விழுந்து கெடக்குறாப்ல ஒரு படம் வருது. அடுத்து காலு தானா எறங்கிருது."

"யாரு குரல்? ஒங்க வீட்டுக்காரரா?"

செவந்தி நோட்டை மூடினார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஒங்க குரல்தான். 'காலு, காலு, காலு'ன்னு கத்துவீங்கள்ல, அதான்."

காலை ஊன்றாதீர்கள் என்பதற்காகத்தான் கத்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே வண்டி ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டேன். இரண்டு நாள் அந்தம்மாவுக்கு என் உதவியாள் பீட்டர்தான் கிளாஸ் எடுத்தான்.

மூன்றாம் நாள் செவந்தியே டீக்கடைக்கு வந்தார். "குரலைத் தொரத்த முடியாதாம்ணே, ஆனா மாத்திக்கலாமாம். பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்க ஒரு வண்டி மைக்கு கட்டிக்கிட்டு வருமே, அந்த மைக்குல நீங்க 'காலு, காலு'ன்னு சொல்லிக்கிட்டுப் போறாப்ல நெனைச்சுப் பாத்தேன். சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா அந்தப் படம் வரமாட்டேங்குது."

என் குரலைப் பழைய இரும்பு வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் டீக்கடைக்காரர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று முதல் செவந்தி வேப்பமரத்தைப் பார்த்து ஓட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும்.

டெஸ்ட் அன்று காலை செவந்தி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, நீங்க அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கங்க. ஒங்க மொகத்தைப் பாத்தாலே எனக்குக் கேக்கும்."

கிரவுண்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஸ்கூட்டர் சத்தம் மட்டும்தான் எனக்கு. முதல் வளைவு சீராகப் போனது. இரண்டாவதில் சத்தம் தணிந்தது. இன்னும் தணிந்தது. "காலு" என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தோள் துண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு பயந்ததில்லை. பிறகு சத்தம் லேசாக உயர்ந்தது, சுற்றி வந்தது, நின்றது. இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்.

செவந்தி என் முன்னால் வந்து நின்றார். "காலு ஊனலைண்ணே. குரல் வந்துச்சு. இரும்பு வண்டி மைக்கைப் போட்டுவிட்டுட்டேன்."

எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் பாதி. மீதி எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

செவந்தி இப்போது பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஐந்து ஊருக்கும் போகிறார். அந்த நாலு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாகிவிட்டது.

பொங்கலுக்கு ஹரிணி வந்திருந்தாள். ஸ்கூலில் சாவியை மறந்து வைத்துவிட்டேன், கொண்டுபோய் விடு என்று சாக்குச் சொல்லி அவள் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். இதுவரை அவள் வண்டியில் ஏறியதில்லை. பைபாஸில் அருமையாக ஓட்டினாள். திரும்பி வருகையில் எங்கள் தெருமுனை வளைவு வந்தது. அவளுடைய இடது கால் மட்டும் கால் வைக்கும் பலகையை விட்டு இறங்கி, தரையை ஒட்டித் தொங்கிக்கொண்டே வந்தது. மூன்றே நாள்தான் என்னிடம் பழகினாள். ஆறு வருடம் ஆகிவிட்டது.

வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

"என்னப்பா, ஒண்ணுமே சொல்லாம வாரீங்க?"

"நல்லாத்தான் ஓட்டுற தாயி. இன்னொரு சுத்துப் போவோம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பினாள். மூன்றாவது சுற்றில் அந்தக் கால் பலகைக்கு ஏறியது.