சீட் பைப்புக்கு எடுத்த நூல்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அளவுக்கு நூல்தான் போகும். அம்மாவுக்கு வளையல் என்றால், கையைக் குவிக்கச் சொல்லி முட்டி எலும்பின் மேல் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார் நைனா. எனக்குக் கொலுசு என்றால் கணுக்காலில் நூல். செருப்புக்கு மட்டும் தென்னங்குச்சி. அதைப் பாதத்தின் நீளத்துக்கு ஒடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறுவார். இப்போதென்றால் செல்லில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறோம். அப்போது உத்திரமேரூர் கடைத்தெருவில் நூலை நீட்டினால் எந்தக் கடைக்காரரும் ஏன் என்று கேட்க மாட்டார். ஆகையால் சைக்கிளுக்கு சீட் பைப் வாங்கவும் நைனா நூல் எடுத்தது எங்களுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

சைக்கிள் அத்தைக்காக வாங்கியது. நைனாவின் தங்கை. புருஷன் வீட்டில் ஒத்துவராமல் எங்களோடு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைய முடியும், அவ்வளவு உயரம். தட்டில் முதலில் போட்ட சோற்றோடு எழுந்துவிடுவாள். அம்மா எத்தனை சொன்னாலும் இரண்டாவது கரண்டிக்குக் கையை நீட்டி மறைத்துக்கொள்வாள். அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வயிறு சின்னது போலும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பால்வாடியில், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமைத்தும் போடுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. சாமி புண்ணியத்தில் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சேர வேண்டும். காலை எட்டரைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். அந்த ஊருக்கு முதல் பஸ்ஸே பத்து மணிக்குத்தான். ஒரு மாதம் பார்ப்போம், நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்று அங்கே இருந்த டீச்சர் முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

நைனா பக்கத்துத் தெருவில் பூ விற்கிற அம்மாவிடம் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். அந்த அம்மா குள்ளம். கால் எட்டாமல் சீட் பைப்பையே அறுத்துக் குட்டையாக்கி வைத்திருந்தாள். அத்தை உட்கார்ந்து மிதித்தால் முழங்கால் போய் ஹேண்டில்பாரில் இடித்தது.

"இன்னா இது, அம்மிக்கல்லு மேல குந்திக்கினு ஓட்டற மாதிரி கீது" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"சிரி அண்ணி, நாளைக்கி உன்னத்தான் பின்னால ஒக்கார வெச்சி ஓட்டப் போறேன்" என்றாள் அத்தை.

நீளமான பைப் வேண்டும். ஆனால் பழைய பைப் துருப்பிடித்துச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். சைக்கிளைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போகலாமே என்று அத்தை கேட்டாள். "எட்டுக் கிலோமீட்டரு அத்த உருட்டிக்கினு போயி பேஜார் பட்றதுக்கு, ஒரு மொழம் நூலு போதும்" என்று நைனா சொல்லிவிட்டார். வெளியே ஒரு விரற்கடை தெரிந்த பைப்பைச் சுற்றி, அத்தை நூலைப் பிடிக்க, நைனா முடிச்சுப் போட்டார். மோதிரம்போல் கழன்று வந்த அந்த நூலைச் சாமி மாடத்தில் வைத்தார். மறுநாள் சனிக்கிழமை கடைக்குப் போவதாக ஏற்பாடு.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், எது தொடங்கினாலும் மஞ்சள் படாமல் நடக்காது. விதைநெல் கூடைக்கு மஞ்சள். புதுத் துணியின் ஓரத்துக்கு மஞ்சள். இந்த நூலுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை வேறு. அத்தையின் வேலையாயிற்றே, பெரியவர்கள் மறந்துவிட்டார்களே என்று எனக்குப் பதைப்பு. கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து நூலை நன்றாக ஊறப்போட்டேன். முருகா, அத்தைக்கு வேலை நிலைக்க வேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன். பிறகு விளக்குக்குப் பக்கத்தில் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சொன்னால் பலிக்காது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நைனா அந்த மஞ்சள் நூலோடு போய், பளபளவென்று ஒரு பைப் வாங்கி வந்தார். கடைத்தெருவில் சைக்கிள் சாமான் விற்கிற பாய் நூலை ஒவ்வொரு பைப்பிலும் மோதிரம்போல் மாட்டிப் பார்த்து, சரியாகப் பிடித்ததை எடுத்துக் கொடுத்தாராம். பழைய பைப்பைச் சுத்தியலால் தட்டி, முறுக்கி, ஒருவழியாகப் பிடுங்கினார்கள். அதில் அதன் ஒரு முனை நசுங்கிப்போயிற்று, இனி அது சட்டத்தில் ஏறாது. புதியது உள்ளே போனது. வழுக்கிக்கொண்டு போனது. நைனா நட்டை நரம்பு புடைக்க முறுக்கினார். அத்தை ஏறி உட்கார்ந்து பத்தடி போனாள். கிணற்றில் வாளி இறங்குவதுபோல் சீட்டு மெதுவாக இறங்கி அடியில் போய் நின்றது. வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிப் பார்த்தார்கள். தெருமுனை வரை தாங்கியது, அவ்வளவுதான்.

"பாய் நல்லா ஏமாத்திக்கீறான். நாளைக்கிக் கட கெடையாது. திங்கக்கெழம போயி நாலு பேரு முன்னால கேக்கறேன் பாரு" என்று நைனா சத்தம் போட்டார்.

அத்தை நூலைக் கையில் எடுத்தாள். பழைய பைப்பின் நசுங்காத பக்கத்தில் அதை மாட்டப் பார்த்தாள். ஏறவில்லை. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு சாமி மாடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மஞ்சள் வைத்ததை மெச்சத்தான் பார்க்கிறாள் என்று நான் சிரித்தேன்.

"பாய ஒண்ணும் சொல்லாதண்ணா. நான்தான் நூல இழுத்துப் புடிச்சிட்டேன்" என்றாள்.

நைனாவின் கோபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. "ஒரு நூலு புடிக்கத் தெரில, நீ போயி நாப்பது புள்ளைங்கள மேய்ப்பியா" என்றார். அத்தை நூலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பருத்தி நூல் நனைந்து காய்ந்தால் சுருங்கும் என்று நான் தெரிந்துகொள்ள இன்னும் இருபது வருஷம் ஆனது. என் மகளுக்கு வெள்ளி வளையல் வாங்க அளவு எடுத்து, பழக்கம் விடாமல் அந்த நூலுக்கும் மஞ்சள் தோய்த்து வைத்தேன். காலையில் ஏதோ தோன்றி, அவள் கையில் மாட்டிப் பார்த்தேன். முட்டியைத் தாண்டவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

அந்தத் திங்கட்கிழமைக் காலையில் அம்மா சொன்னாள், "இன்னிக்கி ஒரு நாளு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிடலாமே."

"மொத நாளே சொல்லி அனுப்பிச்சா, நாளைக்கி என் எடத்துல வேற ஒருத்தி குந்திக்கினு இருப்பா அண்ணி. சீட்டுதான எறங்குது, சக்கரம் சுத்துது இல்ல" என்றாள் அத்தை.

சாமி மாடத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். என் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டாள். நசுங்கிய பழைய பைப்பைப் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிதி மேல் ஏறி நின்றாள். நின்றபடியே ஓட்டினாள். நான் ஏரிக்கரை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பச்சை நாற்று, நடுவில் கரை மேலே அத்தை. சீட்டில் உட்காராமல், முதுகு வளையாமல், தேர்த்தட்டில் நிற்பதுபோல் நின்றுகொண்டு போனாள். முந்தானை பின்னால் பறந்தது. எங்கள் ஊரில் ஒரு பொம்பளை அப்படி சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. என் உடம்பு சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அன்று முழுவதும் இதே பேச்சுதான். எங்க அத்த நின்னுக்கினே நாலு கிலோமீட்டரு ஓட்டும், உங்க வூட்ல யாராவது ஓட்டுவாங்களா என்று கேட்டுக் கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தேன்.

மாலையில் அவள் வந்து சேர நேரமானது. வேலை விட்டு, நைனா போவதற்கு முன்னால் தானே உத்திரமேரூர் போய் பாயைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பாய் பழைய பைப்பைக் கையில் வாங்கியதுமே சரியான அளவைத் தேடி எடுத்துக் கொடுத்தாராம். மேலே காசு கேட்கவில்லையாம். இவள் நடந்ததைச் சொன்னதும், நூலைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். "சாமி நூலு, கடையில கீழ விழக் கூடாதும்மா" என்றாராம்.

"டைமுக்குப் போனியா?" என்று கேட்டார் நைனா.

"எட்டு இருவதுக்கே கதவத் தொறந்துட்டேன். டீச்சரே எனக்கப்புறம்தான் வந்தாங்க."

நைனா எழுந்து போய்த் தானே சைக்கிளைத் துடைத்தார். புதுப் பைப்பை மாட்டினார். கெட்டியாகப் போய் உட்கார்ந்தது. அவரே ஏறிக் குதித்துப் பார்த்தார், அசையவில்லை. அத்தை காகிதப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "சாமிகிட்ட வெச்சிடு கண்ணு, நீ மஞ்சா வெச்சது வீண் போவல" என்றாள். நான் பெருமையோடு கொண்டுபோய் வைத்தேன்.

அன்று அத்தை இரண்டாவது கரண்டிச் சோற்றுக்குத் தட்டை நீட்டினாள். அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, மூன்றாவதும் போட்டாள்.

சாப்பிட்டபின் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, கொஞ்சம் பிடித்துவிடச் சொன்னாள். ஆடுசதை கல்லாக இறுகியிருந்தது. என் விரல் அழுந்தவே இல்லை. தொட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் பிடித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் நின்னுக்கினே ஓட்டுவியா அத்த?"

"இல்ல கண்ணு. நாளையிலேர்ந்து ஒக்காந்துதான் ஓட்டுவேன்."

எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. மறுநாள் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து ஏரிக்கரையில் காட்டலாம் என்று இருந்தேன். கோபத்தில் அவள் காலைப் பிடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.