பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு துணி இறக்கை விமானம்

விமானம் என்றால் எனக்குப் பைத்தியம். விமானத்தில் ஏறுவதென்றால் பயம். இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று என் மனைவி கேட்காத நாளில்லை. ஆவடியில் எங்கள் மாடி அறை முழுக்கப் பழைய போர் விமானங்களின் சின்ன மாதிரிகள் தொங்குகின்றன. எல்லாம் மெல்லிய கட்டையில் எலும்புக்கூடு செய்து, மேலே துணி ஒட்டி, ரிமோட்டில் நானே பறக்கவிடுபவை. ஆனால் டெல்லிக்கு அவசரமாகப் போகவேண்டுமென்றாலும் எனக்கு ரயில்தான்.

அப்படிப்பட்ட நான் போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தணிப் பக்கம் போனதற்குக் காரணம் தாமோதரன். எங்களைப் போன்ற விமானப் பித்தர்களின் வாட்ஸப் குழுவில் பழக்கமானவர். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறார். அந்தக் காலத்தில் போர் விமானிகள் பயிற்சி எடுத்த, இரட்டை இறக்கை விமானம் ஒன்றின் முக்கால் அளவு நகலை அவரே செய்துகொண்டிருந்தார். ஆள் உட்காரும் அளவுக்கு நிஜமானது. இறக்கைகளுக்குத் துணி போட்டு முடித்துவிட்டதாகப் படம் அனுப்பினார். அதற்கு மேல் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

சென்னை சென்ட்ரலிலிருந்து திருத்தணிக்குப் புறநகர் ரயிலில் இரண்டு மணி நேரம் ஆகும், டிக்கெட் இருபது ரூபாய். நான் ஆவடியில் முதல் வண்டியைப் பிடித்தேன். திருத்தணியில் இறங்கியதும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. முருகா, இன்று தரையிலேயே வைத்துக்கொள் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அங்கிருந்து பொதட்டூர்பேட்டை இருபது கிலோமீட்டர் சொச்சம். பஸ் நின்று நின்று போனதில் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

தாமோதரன் வீட்டில் முன்னறை முழுக்கத் தறி. அந்தச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். அவர் மனைவி சுகுணா தோசையை வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணா, நீங்களும் அத்துல குந்தப் போறீங்களா?"

"சும்மா ஓட்டம்தானேம்மா, தரையிலதான்."

"ஆங், அப்படித்தான் சொல்லிகினு கீறாரு. டயரு தரைய விட்டுச்சுன்னா அன்னியோட அந்த வண்டிய நான் கொளுத்திடுவேன். அவருக்கும் தெரியும்."

தாமோதரன் சிரித்தார். பறப்பதற்கு அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை தரை ஓட்டம் மட்டும் என்பது அவர் கட்டுப்பாடு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சுகுணா கூடவே வந்து கரைமேல் நின்று டயரையே பார்த்துக்கொண்டிருப்பாராம். சுகுணா சிரிக்காமலே இதைச் சொன்னார்.

பள்ளிப்பட்டு சாலையில் பத்து கிலோமீட்டர் போய், உள்ளே திரும்பினால் ஒரு வறண்ட ஏரி. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். கரையோரத் தகரக் கொட்டகையிலிருந்து மூவருமாக விமானத்தை வெளியே தள்ளினோம். ஐயோ, என்ன அழகு! மஞ்சள் நிறத்தில் மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி, நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பிகள். இறக்கைத் துணி அவர்கள் தறியில் நெய்த பருத்தி. துணியை எலும்புக்கூட்டில் போர்த்தித் தைத்த பிறகு, டோப் என்கிற ஒரு பூச்சைப் பல கை அடிப்பார்கள். அது நூலுக்குள் ஊறிக் காயும்போது துணியைச் சுருக்கி இழுக்கும். சரியாக இருந்தால் விரலால் சுண்டும்போது தவில் மாதிரிச் சத்தம் வரும்.

நான் சுண்டிப் பார்த்தேன். மேல் இறக்கை நன்றாகப் பேசியது. கீழே இடது பக்கம், முன் விளிம்பை ஒட்டி உள்ளங்கையளவு ஒரு கொப்புளம். அமுக்கினால் மொறுமொறுத்தது.

"தாமு, இங்க ஒட்டலையே?"

"வெயிலு ஏறுனா இழுத்துக்கும் சார். துணி எப்படி வெறைப்பா கீது பாருங்க. நம்ம வூட்டுத் துணி, ஒண்ணும் ஆவாது."

எனக்கு மனசே இல்லை. ஆனால் வெறும் ஓட்டம்தானே என்று முன் இருக்கையில் ஏறினேன். இந்த வகை விமானத்தில் ஓட்டுபவர் பின்னால்தான் உட்காருவார். முன்னால் இருப்பவனுக்கு அவர் முகமும் தெரியாது, பேச்சும் கேட்காது.

காலைக் காற்று எழுவதற்குள் ஓடவேண்டியது. இன்ஜின் கிளம்ப அடம்பிடித்ததில் ஒன்பது மணி ஆகிவிட்டது. அதற்குள் வெயில் ஏறி, நகரி மலைப் பக்கமிருந்து காற்று விட்டுவிட்டு வீச ஆரம்பித்திருந்தது. அப்போதே நான் இறங்கியிருக்கவேண்டும். இரண்டு பேர் எடைக்கு எழும்பாது என்று தாமோதரன் சொன்னதை நம்பினேன்.

ஓட்டம் தொடங்கியது. தடதடவென்று பல் ஆடியது. வேகம் கூடியதும் வால் மேலே வந்து, எதிரே ஏரியின் மறுகரை தெரிந்தது. இத்தோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்த நொடியில் எதிர்க்காற்று ஒன்று மூஞ்சியில் அறைந்தது.

தடதடப்பு நின்றுபோனது. இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே உடம்புக்குக் கிடைத்த அந்த அமைதியைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. கீழே பார்த்தால் எங்கள் நிழல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

எவ்வளவு உயரம் என்று கேட்காதீர்கள். ஒரு ஆள் உயரம் என்றார் தாமோதரன் பிறகு. எனக்கு அது திருத்தணி மலை. இடது பக்கம் திரும்பினேன். அந்தக் கொப்புளம் இப்போது தலையணை அளவு இருந்தது. பறக்கும் இறக்கையின் மேற்புறத்தைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பூச்சு பாலாடை மாதிரித் துணியிலிருந்து உரிந்து பின்னால் படபடத்தது. அடியில் வெறும் துணி தெரிந்தது. விமானம் இடது பக்கமாகச் சாயத் தொடங்கியது. "தாமு! இறக்கை! இறக்கை!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. செத்தோம் என்றுதான் நினைத்தேன். வேறு எந்தப் பெரிய சிந்தனையும் வரவில்லை.

அவர் இன்ஜினைச் சட்டென்று அணைக்கவில்லை. அணைத்திருந்தால் பொத்தென்று விழுந்திருப்போம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரு சக்கரம் மோதியது, எகிறியது, மறுபடி மோதியது. பிறகு அந்தத் தடதடப்பு. அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் இல்லை. நின்றதும் இறங்கினேன் என்று எழுத ஆசை. உண்மையில் தாமோதரன்தான் என்னைத் தூக்கி இறக்கினார். அவர் முகமெல்லாம் பல்.

"எழும்பிச்சி சார்! பார்த்தீங்களா, எழும்பிச்சி!"

நான் இறக்கையைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. உரிந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துத் துணியைத் தேய்த்தார். விரலை விரலோடு ஒட்டி ஒட்டிப் பிரித்துப் பார்த்தார். அதற்குள் சுகுணா செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்து சேர்ந்தார்.

"இதுல கஞ்சி கீதே சுகுணா. மொத்தக் கஞ்சியும் போவ அலசச் சொன்னேனே?"

நெய்வதற்கு முன் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். விமானத்துக்கு அது ஆகாது. கஞ்சி அடைத்திருந்தால் டோப் நூலுக்குள் இறங்காது, மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும், இழுத்தால் உரியும்.

"அலசுனேன் பாவா. ரெண்டு தபா அலசுனேன்." சுகுணாவுக்கு மூச்சு வாங்கியது. "அலசுனதும் பழைய துண்டு மாதிரி தொவண்டு போச்சு. இத்த நம்பியா நீ மேல போவேன்னு எனக்கு பயமாயிடுச்சு. அதான் திரும்பக் கெட்டியா கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் குடுத்தேன். நீயும் வெறைப்பா கீதுன்னு தடவித் தடவிப் பார்த்தியே."

நெசவுக்காரர் கண்ணுக்கு விறைப்பான துணிதான் நல்ல துணி. வாங்குபவர் கடையில் அதைத்தானே தடவிப் பார்க்கிறார். தாமோதரன் கொட்டகையிலிருந்து கத்தியை எடுத்துவந்து, உரிந்த பகுதியை மட்டும் வெட்டப் போனார். சுகுணா கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். கொளுத்தப் போகிறார் என்றே நினைத்தேன். அவரோ அந்த இறக்கைத் துணியை ஓரத்திலிருந்து ஓரம்வரை கிழித்தார். பிறகு அடுத்தது. நான்கு இறக்கைகளும் எலும்புக்கூடாக நின்றன. அழுதுகொண்டேதான் கிழித்தார்.

"திரும்ப நானே நெய்றேன். கஞ்சி ஒரு சொட்டு இல்லாம அலசித் தர்றேன். அனுமதி வந்து நீ போற அன்னிக்கு, முன்னாடி சீட்டுல நான்தான் குந்துவேன்."

தாமோதரன் இறக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். காலியாக இருந்த முன் இருக்கையையே பார்த்தார்.

என்னைப் போலப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கிருத்திகை நாளில் திருத்தணியை நினைக்காதீர்கள், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. பொதட்டூர்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமையும் பல வீடுகளில் தறி ஓடும், கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். திரும்பும்போது மாலை ரயிலில் கூட்டம் அதிகம், மூன்று மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். மறக்காமல் தண்ணீரும் தொப்பியும் எடுத்துப்போங்கள். பழைய விமானம், நகல் விமானம் எதைப் பார்க்கப் போனாலும் ஆசை தீரப் பாருங்கள், படமெடுங்கள். அனுமதி இல்லாத ஒன்றில் தரை ஓட்டம் என்று சொன்னாலும் ஏறாதீர்கள். காற்று நம்மைக் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. மனசு ஒரு இடத்தில் உறுத்தினால், வெட்கப்படாமல் இறங்கிவிடுங்கள்.

போன வாரம் தாமோதரனிடம் பேசினேன். புதுத் துணி நெய்தாகிவிட்டது, அனுமதியும் வந்துவிடும் போலிருக்கிறது. எப்போது இறக்கைக்குப் போடலாம் என்று சுகுணா தினமும் கேட்கிறாராம். "இன்னும் ஒரு தபா அலசிட்டா தேவலாம் சார்" என்றார் தாமோதரன். சுகுணாவிடம் விடாமல், இதுவரை அவரே ஆறு தடவை அலசியிருக்கிறார்.