கணப்பு வைத்த அறை

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கரண்டு வந்தது, எனக்குத் தலைப்பிள்ளையாகப் பெண் பிறந்த வருஷம். மாடியில் வீட்டுக்காரர், ஒரு வங்காளி வக்கீல். கீழே நாங்கள். என் கணவருக்கு வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். மாடிக்கு வயர் இழுக்கிறபோது கீழ் வீட்டுக்கும் சேர்த்தே போட்டுவிடலாம் என்று வக்கீல் சொன்னதும் இவருக்கு ஏக உற்சாகம். எப்படியும் சுவரை உடைக்கத்தான் போகிறார்கள், அதோடு பின்னறையையும் சரிபண்ணிவிடலாம் என்றார்.

அந்தப் பின்னறை பொல்லாத அறை. மழைக்காலத்தில் சுவர் உப்புப் பூத்துக் காரை உதிரும். மார்கழி, தை மாதங்களில் ஜன்னலின் மரச்சட்ட இடுக்குகள் வழியாக வாடை உள்ளே வந்து தரையெல்லாம் ஜில்லென்று ஆகிவிடும். கூரைக்குக் கீழே காற்றுக்கென்று விட்டிருந்த இரண்டு துளைகளில் சிட்டுக்குருவி கூடு கட்டி, படுக்கையில் வைக்கோலாகக் கொட்டும். காவேரிக் கரையிலிருந்து வந்தவள் நான். முதல் வருஷக் குளிரில் அவருடைய பழைய கோட்டைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் சமைத்தேன். குமுட்டி அடுப்பில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கை காய்ச்சுவோம். எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை.

இப்போது கைக்குழந்தை இருந்தது. "குழந்தை குளிர்ல விறைக்கப்படாது. இந்த அறையை டப்பா மாதிரி ஆக்கிடறேன் பாரு" என்றார்.

சொன்னபடியே செய்தார். ஜன்னலுக்கு உட்பக்கம் பலகை அடித்து, அதன் மேல் கான்வாஸ் இழுத்துக் கட்டினார்கள். கதவின் அடியில் கம்பளித் துண்டு வைத்துச் சட்டம் அறைந்தார் தச்சர். கூடத்திலிருந்து வயரைக் கொண்டுவர வேறு வழி தேடாமல், மேலே இருந்த துளை ஒன்றின் வழியாகவே மரப்பட்டிக்குள் வைத்து இழுத்தார்கள். மிச்ச இடத்தைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் பூசினார்கள். இன்னொரு துளையை மட்டும் எதற்கு விடுவது என்று அதையும் அடைத்துவிட்டார்கள். இவர் நாற்காலி போட்டு ஏறி நின்று, பூச்சைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு இறங்கினார்.

சுவிட்சைத் தட்டினால் பளிச்சென்று வெளிச்சம். குமுட்டியை வைத்தால் கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கக் கதகதப்பு. மாடி வீட்டு அம்மாள் வந்து பார்த்து அதிசயப்பட்டாள். நான் அவளை வங்காளி வழக்கப்படி தீதி, அக்கா என்று கூப்பிடுவேன். கரி நன்றாகக் கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டு வருவோம், அதனால் புகையே இராது. புகை இல்லாததைத்தான் இவர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

அந்த நாட்களில் எனக்கு மத்தியானத்தில் தலைவலி வந்தது. ராத்தூக்கம் கெட்டதனால் என்று நினைத்தேன். குழந்தை பால் குடிக்கும்போதே கண் செருகித் தூங்கிப்போவாள். சமர்த்துக் குழந்தை என்று சொல்லிக்கொண்டோம்.

பொங்கலுக்கு முந்தைய நாள் மழையும் வாடையும் சேர்ந்துகொண்டன. இவர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது, "குழந்தையை வெளியில கொண்டு வராதே, கணப்பை அணைய விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சமையலை முடித்துவிட்டு, கரியைக் கொஞ்சம் கூடப் போட்டுக் குமுட்டியை உள்ளே வைத்து, குழந்தையின் பக்கத்தில் படுத்தேன்.

தலை விண்ணென்று தெறித்தது. எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று நினைத்தேன். கால் வரவில்லை. கையை ஊன்றினேன், அது யாருடைய கையோ போலத் துவண்டு விழுந்தது. பயமாகக்கூட இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. குழந்தையின் முதுகில் என் விரல் பட்டுக்கொண்டிருந்தது. அப்படியே எல்லாம் நழுவிப்போயிற்று.

தீதி, தங்கள் வீட்டில் சங்கராந்திக்குச் செய்த பிட்டே என்ற அரிசிமாவுப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்திருக்கிறாள். "ஓ பௌ, தொர்ஜா கோலோ!" என்று கதவைத் திறக்கச் சொல்லித் தட்டியிருக்கிறாள். பதில் இல்லாமல் போகவே, இறுகியிருந்த கதவைத் தோளால் இடித்துத் திறந்து, என் கக்கத்தில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டாள். மழை முகத்தில் விழுந்ததும் எனக்கு நினைவு வந்தது. வாந்தி எடுத்தேன். குழந்தையை அவள் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கன்னம் ரோஜா நிறமாகச் சிவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் உயிர் இருக்கிறது என்று நம்பினோம். டாக்டர் வருகிற வரையில் நம்பிக்கொண்டே இருந்தோம்.

டாக்டர் வயதானவர், வங்காளி. ஆபீஸிலிருந்து ஓடிவந்த இவரிடம் இங்கிலீஷில்தான் பேசினார். உள்ளே கணப்பு இருந்ததா என்று கேட்டார்.

"எல்லா வருஷமும் வைக்கிறதுதான்" என்றார் இவர்.

"கரி விஷக்காற்று விடும். அது போக வழி எங்கே?"

இவர் மேலே பார்த்தார். புதுச் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

குழந்தையைக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பி வந்ததும், ஈர வேட்டியோடு கடப்பாரையை எடுத்தார். நாற்காலியில் ஏறி அந்தப் பூச்சை இடிக்க ஆரம்பித்தார். மரப்பட்டி பிளந்து உள்ளே வயர் தெரிந்தது. நான் கத்தினேன். தீதி மாடியைப் பார்த்துக் கூச்சல் போட, வக்கீல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். இருட்டிலும் இவர் நிறுத்தவில்லை. இரண்டு துளைகளும் திறந்த பிறகுதான் இறங்கினார்.

நான் அவரை ஒன்றும் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. சாதம் போட்டேன், வேட்டி துவைத்தேன். அவசியத்துக்கு மேல் பேச்சு இல்லாமல் அந்த வருஷம் கழிந்தது.

மறு குளிர்காலத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கிளம்ப ஆரம்பித்தார். பவானிபூரிலும் காளிகாட்டிலும் இருந்த நம்மவர்கள் வீடு ஒன்றையும் விடவில்லை. போய் உட்கார்ந்து காப்பி குடிப்பார். பிறகு கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

"மேல இருக்கற துளையை அடைக்காதேள். வயர் போடறவன் அது வழியா இழுக்கறேன்னா, வேற ஓட்டை போடச் சொல்லுங்கோ. குளிர் தரையிலேர்ந்துதான் ஏறும். சாக்கை விரிச்சு அதுமேல பாயைப் போடுங்கோ. சுவரை ஒட்டிப் படுக்காதேள். கணப்பு வெச்சா ஜன்னல் ஒரு பக்கம் திறந்திருக்கணும். படுக்கறதுக்கு முன்னாடி அடுப்பை முற்றத்துல கொண்டு வெச்சுடுங்கோ. புகை இல்லைன்னு நம்பாதேள்."

ஏன் என்று சொல்ல மாட்டார். எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. சிலர் தலையாட்டினார்கள். காளிகாட்டில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கோவிலில் என்னைப் பார்த்து, "மாமி, தப்பா நினைச்சுக்காதேங்கோ. மாமா எங்காத்துக்கு வர வேண்டாம். நான் பிள்ளையாண்டிருக்கேன், எனக்கு பயமா இருக்கு" என்றாள். அவள் சொன்னதை நான் இவரிடம் சொல்லவில்லை. அவராகவே அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். யார் மூலமாகவோ அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

பிறகு எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தான். அவனுக்கும் ஒரு குளிர்காலம் வந்தது. சாயங்காலத்திலிருந்து தூறல். அவனுக்கு நெஞ்சில் கபம் கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் கர் கர் என்று சத்தம். ஜன்னல் வழியாக வாடை நேராகப் படுக்கையில் அடித்தது.

"சாத்துங்கோ" என்றேன்.

"மாட்டேன்."

"கணப்புதான் இல்லையே! வெறும் ஜன்னல். சாத்தினா என்ன?"

"மாட்டேன்."

"இவனையும் வாரிக் கொடுக்கணுமா?"

அத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததை அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பாயை இழுத்து ஜன்னலடியில் போட்டு, அதற்கு முதுகு கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று அவர் முதுகில் அடித்தது, குழந்தை மேல் படவில்லை. நான் வெந்நீர் காய்ச்சி பித்தளைத் திருகுச் சொம்பில் ஊற்றி, மூடியை இறுக்கி, ஃப்ளானல் துணி சுற்றிக் குழந்தையின் காலடியில் வைத்தேன். ரஜாயை நன்றாகப் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு இளகிற்று.

அவருடைய பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. என் மேலிருந்த சால்வையை எடுத்து அவர் முதுகில் போர்த்தினேன்.

"காலையும் மூடிக்கோங்கோ" என்றேன்.